அடிவயிற்றில் கறுப்புப் பட்டை

தரையிலிருந்து ரேடியோவால் இயக்கிப் பறக்கவிடும், நுரையால் வார்த்த சுகோய்-27 போர் விமான மாதிரி ஒன்றுக்கு மூன்று வாரம் உட்கார்ந்து வண்ணம் தீட்டினேன். மேற்பக்கம் மூன்று விதமான நீலச் சாம்பல், அடிப்பக்கம் முழுவதும் ஒரே சீரான வெளிர்நீலம், தகடுகள் சேரும் இடங்களில் எல்லாம் மெல்லிய பென்சில் கோடு என்று, உண்மையான விமானத்தின் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூக்கு நுனி முதல் வால்வரை ஒப்பிட்டு ஒப்பிட்டு முடித்த வேலை அது. மேசைமேல் வைத்து இரண்டடி தள்ளி நின்று பார்த்தபோது அதில் குறை என்று சொல்ல எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. ஐந்தாவது முறை பறக்கவிட்டபோது, மேகம் மூடிய ஒரு மாலையில், ஏறத்தாழ 150 மீட்டர் தொலைவில், அது என்னை நோக்கி வருகிறதா, என்னைவிட்டு விலகிப் போகிறதா என்பதே எனக்குப் பிடிபடாமல் போயிற்று. வலப்பக்கம் சாய்ந்துவிட்டதாக எண்ணி இடப்பக்கம் கொடுத்தேன். அது ஏற்கெனவே இடப்பக்கம்தான் சாய்ந்திருந்தது. அடுத்த இரண்டு நொடிகளில் மூக்கு கவிழ்ந்து, உழுது போட்டிருந்த மண்ணில் குத்திட்டு நின்றது.

மோட்டாரிலும் பேட்டரியிலும் ரிசீவரிலும் ஒரு கோளாறும் இருக்கவில்லை. நான் பூசிய வண்ணம்தான் அந்த விமானத்தை வீழ்த்தியது என்று இன்று உறுதியாகச் சொல்வேன். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் கட்டுமானத்தைப் பற்றியும் பறக்கவிடுவதைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். வண்ணத்தை இரண்டுக்கும் இடையில் வரும் அலங்கார வேலையாக மட்டும் எண்ணுவார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கையில் டிரான்ஸ்மிட்டரை வைத்துக்கொண்டு தரையில் நிற்பவனுக்கு விமானத்தைப் பற்றிக் கிடைக்கும் செய்தி எல்லாம் கண் வழியாகவே வருகிறது என்பதையும், அந்தச் செய்தியை எழுதுவது தூரிகைதான் என்பதையும் அந்த மாலைக்குப் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமையின் கடுமை புரியும். அந்தச் சுகோய் உண்மை விமானத்தில் 20 இல் 1 பங்கு. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை 73 சென்டிமீட்டர். 150 மீட்டரில் அந்த முழு அகலமும் வானத்து முழுநிலவின் குறுக்களவில் பாதிக்குச் சற்று அதிகமாகத்தான் தெரியும். பக்கவாட்டிலோ நேர் எதிரிலோ பார்க்கும்போது உடலின் பருமன் பத்து சென்டிமீட்டர்தான் என்பதால் அது ஒரு கோடாகச் சுருங்கிவிடும். நல்ல பார்வை உள்ளவருடைய கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் 60 இல் ஒரு பங்கு. 150 மீட்டரில் அது ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டருக்குச் சமம். அதைவிடக் குறுகலான கோடு, எழுத்து, வட்டம் எதுவாக இருந்தாலும் அந்தத் தொலைவில் பக்கத்து நிறத்தோடு கலந்து சாம்பலாகிவிடும். நான் மூன்று வாரம் போட்ட பென்சில் கோடுகளில் ஒன்றுகூட அங்கே இல்லை. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மாதிரி ஒன்று நொடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. அருகில் இருந்து 150 மீட்டருக்குப் போய்ச் சேர அதற்கு ஆறே நொடி போதும்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் அச்சாகப் பார்த்துப் பூசும் போர் விமான வண்ணங்கள், பார்ப்பவரை ஏமாற்றவே உருவாக்கப்பட்டவை. வெளிர் சாம்பலும் வெளிர்நீலமும் வானத்தோடு கரைவதற்காகத் தேர்ந்தவை. அமெரிக்க விமான ஓவியர் கீத் ஃபெரிஸ் 1970களில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்: விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையே எதிரி தவறாகக் கணிக்கும்படி வண்ணத்தை அமைத்தார். கனடா விமானப்படையின் சிஎஃப்-18 விமானங்களில் அடிப்பக்கத்தில், விமானி அறையின் கண்ணாடிக் கூண்டு இருப்பதுபோலவே கருமையாக ஒரு வடிவம் தீட்டியிருப்பார்கள். எதிரில் வரும் விமானிக்கு ஒரு நொடி, மேற்பக்கம் எது அடிப்பக்கம் எது என்ற குழப்பம் வந்தால் போதும் என்பது அதன் நோக்கம். அந்த ஒரு நொடிக் குழப்பத்தைத்தான் நான் காசு கொடுத்து வாங்கிய வண்ணத்தால் எனக்கு நானே உண்டாக்கிக்கொண்டேன்.

விழுந்த விமானத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மூக்கு ஒரு கைமுட்டி அளவுக்கு உள்ளே நசுங்கியிருந்தது. கடையில் வரும் வார்ப்பு ஜெட்கள் பெரும்பாலும் இபிஓ என்ற நுரையில் செய்யப்படுகின்றன. தெர்மாகோலைப் போலவே மணிமணியாக இருந்தாலும் அதைவிட நெகிழ்வும் உறுதியும் கூடியது. நசுங்கிய மணிகளுக்குள் காற்று இன்னும் சிறைப்பட்டிருப்பதால், சூடு பட்டால் அவை பழையபடி உப்பும். கெண்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, இறக்கி ஒரு நிமிடம் விட்டு, மூக்கைக் கிண்ணத்தின்மேல் பிடித்துக்கொண்டு மெல்லிய நீர்த்தாரையாக ஊற்றினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுருங்கிக் கிடந்த பகுதியில் மயிர்க்கூச்செறிவதுபோல ஒவ்வொரு மணியாக மேலே எழுந்தது. மடிப்புகள் தாமாகப் பிரிந்தன. நான் கட்டைவிரலால் உள்ளிருந்து மெல்லத் தள்ளிக்கொடுக்கக் கொடுக்க, ஐந்து நிமிடத்தில் மூக்கு மூக்காகத் திரும்பி வந்தது. ஆனால் வண்ணம் முழுவதும் உரிந்து தோல் தோலாகக் கிண்ணத்தில் விழுந்தது. முன்பக்கம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டருக்கு நுரையின் வெள்ளை மட்டும் மிஞ்சியது.

மீண்டும் தீட்ட மனம் வராமல் அப்படியே எடுத்துப்போய்ப் பறக்கவிட்டேன். அன்று வானம் தெளிந்த நீலமாக இருந்தது. அதே தொலைவில், அதே விமானம், எந்தத் திசையில் போகிறது என்பது ஒரு கணமும் சந்தேகம் இல்லாமல் தெரிந்தது. வெள்ளை முனை போகும் பக்கம்தான் விமானம் போகிறது, அவ்வளவு எளிது. அடுத்த வாரம் வெண்மேகம் மூடியிருந்தபோது அந்த வெள்ளை மூக்கு மேகத்தோடு மறைந்து, விமானம் முன்பாதி வெட்டப்பட்டதுபோல் தெரிந்தது. நீல வானத்துக்கும் மரங்களுக்கும் எதிரில் வெளிர்நிறம் வேண்டும், மேகத்துக்கு எதிரில் கருமை வேண்டும், ஆகவே இரண்டும் ஒரே விமானத்தில் பெரிய பெரிய பரப்புகளாக இருக்க வேண்டும் என்ற பாடம் அந்த இரண்டு நாட்களில் கிடைத்தது.

அடுத்த விமானத்தை நுரைப்பலகையில் நானே வெட்டிச் செய்வது என்று முடிவெடுத்தபோது, எந்த ஜெட் என்பதை வண்ணத்தை வைத்தே தேர்ந்தேன். எஃப்-86 சேபர் என்ற பழைய அமெரிக்கப் போர் ஜெட். 1947 அக்டோபர் 1 அன்று முதன்முதலில் பறந்த இந்த விமானமும், அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று பறந்த சோவியத் மிக்-15 விமானமும், பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, மூக்கிலேயே திறந்த காற்று வாய் என்று தூரத்தில் ஒன்றுபோலவே இருக்கும். கொரியப் போரில் இரண்டும் எதிரெதிராகச் சந்தித்தபோது, தன் பக்கத்து விமானியே தன்னைச் சுட்டுவிடக்கூடாது என்பதற்காகச் சேபர்களின் உடலிலும் இறக்கைகளிலும் கறுப்பு ஓரம் வைத்த அகலமான மஞ்சள் பட்டைகளைத் தீட்டினார்கள். அதாவது, சேபரின் பட்டை கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றே பிறந்த வண்ணம். உண்மை விமானத்துக்கும் துரோகம் செய்யாமல், என் கண்ணுக்கும் உதவி செய்யும் ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டது.

கட்டுமானத்துக்கும் சேபர் நல்ல தேர்வு. மின்மோட்டாரால் சுழலும் குழல்விசிறிக்கு, அதாவது இடிஎஃப் என்று நாம் சுருக்கமாகச் சொல்வதற்கு, காற்று தடையில்லாமல் நேராக வரவேண்டும். பக்கவாட்டு வாய்கள் உள்ள ஜெட்களில் காற்று இரண்டாகப் பிரிந்து வளைந்து மீண்டும் சேரவேண்டும். சேபரில் மூக்கிலிருந்து ஒரே குழாய். நான் வைத்தது 70 மில்லிமீட்டர் விசிறி. காற்று வாயின் உதட்டைக் கூர்மையாக விடாமல் வெளிப்புறமாக உருட்டி உருட்டி உப்புத்தாளால் தேய்த்தேன். நின்ற இடத்தில் விசிறி ஓடும்போது கூர்மையான உதட்டில் காற்று சுழித்துக்கொள்வதால் உந்துவிசை குறையும். விசிறிக்குப் பின்னால் வால்வரை மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுருட்டிக் குழாய் செய்து, அதன் முடிவுத் துளையை விசிறித் தகடுகள் கடக்கும் பரப்பில் 85 முதல் 90 விழுக்காடு வரும்படி சுருக்கினேன். அதற்குமேல் சுருக்கினால் விசிறி திணறும். சுருக்காமல் விட்டால் காற்று வெளியேறும் வேகம் கிடைக்காது.

எடை விஷயத்தில் நுரைக்கு நிகர் இல்லை. உண்மையான சேபரின் வெறும் எடை சுமார் 5,000 கிலோ. நீளத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் பரப்பு நூறில் ஒன்றாகவும், கொள்ளளவு ஆயிரத்தில் ஒன்றாகவும் குறையும். எடையும் அந்த விகிதத்தில் குறைந்தால் மாதிரி 5 கிலோ இருக்க வேண்டும். என்னுடையது பேட்டரியோடு சேர்த்து 1,380 கிராம். இந்த இடைவெளிதான் அது மெதுவாகப் பறக்கவும், கையால் எறிந்தாலே தாங்கிக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது. அதைப் பூச்சு வேலையில் கரைத்துவிடுவது மிகவும் எளிது.

வண்ணம் பூசுவதற்கு முன் ஒரு துண்டு நுரையில் சோதித்துப் பார்க்காமல் நான் இப்போதெல்லாம் எதையும் தொடுவதில்லை. தெர்மாகோலும் நுரைப்பலகையும் பாலிஸ்டைரீனால் ஆனவை. சாதாரண ஸ்பிரே பெயின்டில் உள்ள கரைப்பான் பட்டால், சூடான கம்பி பட்டதுபோலக் குழி விழுந்து, அந்தக் குழி நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகன்றுகொண்டு போகும். சாதாரண சூப்பர் க்ளூவும் இதையே செய்யும். நுரைக்கென்றே வரும் வகையை வாங்க வேண்டும், அல்லது எபாக்சி போன்ற பசைகளுக்குப் போக வேண்டும். இபிஓ ஓரளவு தாங்கும். எந்த நுரையானாலும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தையே நான் பயன்படுத்துகிறேன்.

வெட்டி ஒட்டிய உடலில் மூட்டுகளுக்கு எடை குறைந்த பட்டி பார்த்து, 240 உப்புத்தாளால் தேய்த்து, பிறகு 400 ஆல் தேய்த்தேன். பட்டியை அள்ளி அப்பிவிட்டுத் தேய்த்துக் குறைக்கலாம் என்று நினைத்தால் பட்டியைவிட நுரைதான் முதலில் தேயும். நுரை மெத்தென்றும் பட்டி கெட்டியாகவும் இருப்பதால், மூட்டின் இருபுறமும் பள்ளம் விழுந்து நடுவில் பட்டி மேடாக நின்றுவிடும். மெல்லிய டிஷ்யூ தாளை நீரில் கரையும் வார்னிஷால் ஒட்டி முழு உடலையும் மூடினேன். கையில் அழுத்தினால் விரல் பதிந்துகொண்டிருந்த நுரைக்கு, காய்ந்த பிறகு முட்டையோடு போன்ற ஒரு மேல்தோல் கிடைத்தது.

வண்ணத்தை நான் கிராமில் கணக்கிடத் தொடங்கியது இந்தச் சேபரில்தான். சமையலறைத் தராசில் ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் எடை போட்டு எழுதிவைத்தேன். சுகோயில் எவ்வளவு பூசினேன் என்று தெரியாது; சேபரில் அடிப்பூச்சு, வெள்ளி, மஞ்சள், கறுப்பு எல்லாம் சேர்த்து 54 கிராமோடு நிறுத்தினேன். எங்கே பூசுகிறோம் என்பதும் எவ்வளவு என்பதற்குச் சமமான முக்கியம். வால் ஈர்ப்பு மையத்திலிருந்து 48 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. அதைச் சரிக்கட்ட நான் எடை வைக்கக்கூடிய இடம் 30 சென்டிமீட்டர்தான் முன்னால். வாலில் 10 கிராம் வண்ணம் கூடினால் மூக்கில் 16 கிராம் வைக்க வேண்டும். ஆக 26 கிராம் சுமை. அதனால் வாலில் ஒரே ஒரு மெல்லிய பூச்சு, அதுவும் நுரையின் வெள்ளை லேசாகத் தெரியும்படி. பக்கத்தில் நின்று பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். வானத்தில் யாராலும் முடியாது.

மஞ்சள் பட்டைகளை உண்மை விமானத்தின் விகிதத்தைவிட அகலமாக, இறக்கையில் 10 சென்டிமீட்டராக வைத்தேன். மஞ்சள் மெல்லியதாகப் பூசினால் வெள்ளியின் சாம்பல் உள்ளிருந்து தெரிந்து அழுக்காகிவிடும் என்பதால், முதலில் வெள்ளை அடித்து அதன்மேல் இரண்டு கை மஞ்சள் அடிக்க வேண்டியிருந்தது. மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டி உரித்தால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும். சட்டைத் துணியில் இரண்டு முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொண்டு, வண்ணம் முழுவதும் இறுகும் முன், டேப்பை அதன்மேலேயே மடக்கி மெல்ல இழுத்தால் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். இந்த ஒரு நிமிட வேலைக்காகவே எனக்கு வண்ணம் தீட்டப் பிடிக்கும்.

அடிப்பக்கத்தில்தான் சேபரின் வரலாற்றை விட்டு விலகினேன். பட்டைகள் இறக்கையைச் சுற்றி அடியிலும் போவதால், அப்படியே விட்டால் மேலும் கீழும் ஒன்றுபோல் இருந்து, பழைய குழப்பமே திரும்பி வரும். 1944 ஜூனில் நார்மண்டி தரையிறக்கத்துக்கு முன் நேச நாட்டு விமானங்களில் அடித்த மூன்று வெள்ளை, இரண்டு கறுப்புப் பட்டைகள் நினைவுக்கு வந்தன. ஒற்றை எஞ்சின் விமானங்களுக்கு அவற்றின் அகலம் 18 அங்குலம்; பத்தில் ஒன்றாக்கினால் நாலரை சென்டிமீட்டர், அதாவது என் கண்ணின் எல்லைக்கு மிகச் சரியாக வந்து நிற்கிறது. ஆகவே அதை இரண்டு மடங்காக்கி, ஒவ்வொரு இறக்கையின் அடியிலும் ஒன்பது சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு கறுப்புப் பட்டைகளும், வயிற்றின் நடுவில் நீளவாக்கில் ஒன்றும் அடித்தேன். மேற்பக்கத்தில் கறுப்பை அகலமாக அடிக்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. வெயிலில் கறுப்பு நுரை சுடும். மூடிய காருக்குள் வைத்தால் கொப்புளித்து வளையும். அடிப்பக்கத்துக்கு அந்த ஆபத்து குறைவு.

முதல் பறத்தலுக்கு ஈர்ப்பு மையத்தை இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை உள்ள சராசரி அகலத்தில், முன்பக்கத்திலிருந்து 25 விழுக்காட்டில் வைத்தேன். சாய்ந்த இறக்கையில் இதை உடலோடு சேரும் இடத்திலிருந்து அளந்துவிடக்கூடாது. சராசரி அகலம் எங்கே விழுகிறது என்று வரைந்து பார்த்து, அங்கிருந்து அளக்க வேண்டும். பேட்டரி நான்கு செல், 14.8 வோல்ட், முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கிறது, அதாவது ஏறக்குறைய 740 வாட். டிரான்ஸ்மிட்டரில் நான்கு நிமிடத்துக்கு மணி வைத்தேன். சிக்னல் அறுந்தால் மோட்டார் தானாக நிற்கிறதா என்பதையும், விமானத்தை ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதித்தேன்.

குழல்விசிறி ஜெட்டைக் கையால் எறிவதில் ஒரு சிக்கல் உண்டு. முன்னால் காற்றாடி உள்ள விமானத்தில் காற்றாடியின் காற்று வால்மேல் அடித்துக்கொண்டே இருப்பதால், வேகம் இல்லாதபோதும் எலிவேட்டர், அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு, வேலை செய்யும். இதில் காற்று முழுவதும் உடலுக்குள்ளேயே போய்ப் பின்னால் வெளியேறிவிடுகிறது; வேகம் வரும்வரை வால் சொல்பேச்சு கேட்காது. எறிந்தவுடன் விமானம் அரை மீட்டர் இறங்கும். அப்போது பயந்து மூக்கைத் தூக்கினால் விழுந்துவிடும். நண்பர் ஓடிவந்து கிடைமட்டமாக எறிந்தார், அது இறங்கியது, நான் கையை அசைக்காமல் காத்திருந்தேன், இரண்டு நொடிக்குப் பிறகு விசிறியின் ஒலி சற்று மாறி, அது தானாகவே மேலே ஏறத் தொடங்கியது.

மூன்றாவது சுற்றில் வேண்டுமென்றே தொலைவுக்கு விட்டேன். வானத்தில் பாதி மேகம், பாதி நீலம். 150 மீட்டர் இருக்கும். திருப்பத்தில் சாய்ந்தபோது வெள்ளியும் மஞ்சளும் ஒரே நொடியில் மறைந்து, கறுப்புப் பட்டைகளோடு அடிப்பக்கம் விரிந்தது. அடி தெரிகிறது, ஆகவே என்னைவிட்டு அப்பால் சாய்ந்திருக்கிறது. யோசிக்கும் முன்பே கட்டைவிரல் நகர்ந்துவிட்டது. மேகத்தின்முன் மஞ்சள் நிறமாகத் தெரியவில்லை என்பதையும் கவனித்தேன். ஒளியை எதிர்த்துப் பார்க்கும்போது எல்லா நிறமும் கருத்துப்போய்விடுகிறது. ஆனால் பட்டை இருக்கும் இடமும் இல்லாத இடமும் தெரிந்தன. அதுவே போதுமாக இருந்தது.

இறங்கும்போது த்ராட்டிலை முழுவதும் மூடாமல், மூன்றில் ஒரு பங்கு ஓடவிட்டுக்கொண்டே கொண்டுவந்தேன். தாழப் பறக்கையில் திடீரென்று விசை தேவைப்பட்டால் விசிறி சுழன்று வேகம் பிடிக்க ஒரு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். சக்கரம் இல்லாத விமானம், புல்லில் வயிற்றால் வழுக்கி நின்றது. எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது வயிற்றின் கறுப்புப் பட்டை ஒரு விரல் நீளத்துக்குத் தேய்ந்து, உள்ளிருந்து நுரை தெரிந்தது. இப்போது பறக்கவிடப் போகும்போதெல்லாம் பேட்டரிப் பெட்டியில் கறுப்பு அக்ரிலிக் டப்பா ஒன்றும் சிறு தூரிகை ஒன்றும் இருக்கின்றன. ஒவ்வொரு பேட்டரி ஆறும் இடைவெளியிலும் அந்த இடத்தைப் பூசிவிட்டு, காயும்வரை வயிறு மேலே தெரியும்படி கவிழ்த்து வைக்கிறேன். மேசையில் சுகோய் இன்னும் வெள்ளை மூக்கோடு இருக்கிறது. அதன் அடிப்பக்கத்து வெளிர்நீலத்தை நேற்றுத்தான் தேய்த்து எடுக்கத் தொடங்கினேன்.